கோழிக் கழுத்தும் மூன்று கருவாடும்

தோஹாவில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்த நாட்களில் என்னோடு பிலிப்பைன்ஸ் நாட்டுச் செவிலியர் ஒருவர் இருந்தார். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரை "ஆத்தே" என்று கூப்பிடுவோம். தகாலோக் மொழியில் அக்கா என்று பொருள். ஒருநாள் இரவு, குழந்தைகள் வார்டுக்கு வெளியே ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். ஆத்தே அவளைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து, "பாவம், சீசா மாதிரி இருக்கிறாள்" என்றார். யார் அந்த சீசா என்று கேட்டேன். "எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டு பிள்ளைகளைத் தேடித் தேடிப் பைத்தியமாகிப்போன அம்மா" என்றார்.

அப்படித்தான் ஹோசே ரிசாலின் 'நோலி மே தாங்ஹெரே' என் கைக்கு வந்தது. ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டது. நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பில். போன வாரம் மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த நாவலைக் கேள்விப்பட்டவர்கள் பொதுவாக ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: ஸ்பானிய ஆட்சியையும் பாதிரியார்களையும் கிழித்துப்போட்ட நாவல், எழுதியவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று. இரண்டும் உண்மை. 1887-இல் பெர்லினில் அச்சானது. 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் ரிசால் சுடப்பட்டபோது அவருக்கு வயது 35. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் புத்தகத்தின் உயிர் கையில் சிக்காது. என்னைக் கேட்டால், நாவல் முழுவதும் இரண்டு இராச்சாப்பாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. ஒன்று மணிலாவில் ஒரு பணக்காரர் வீட்டு விருந்து. இன்னொன்று ஊருக்கு வெளியே ஒரு குடிசையில், பிள்ளைகளுக்காக எடுத்துவைத்த சாப்பாடு.

முதல் சாப்பாட்டில்தான் நாவல் தொடங்குகிறது. பினோந்தோவில் கபித்தான் தியாகோ வீடு. அவருடைய மகள் மரியா கிளாராவுக்குப் பேசிவைத்த இபாரா என்ற இளைஞன் ஏழு வருஷம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறான். மேசையின் முதல் இருக்கையில் யார் உட்காருவது? பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த பாதிரியார் தாமாசோவும் தொமினிக்கன் சபையைச் சேர்ந்த பாதிரியார் சிபிலாவும் ஒரே நாற்காலியை நோக்கி நடக்கிறார்கள். வாய் மட்டும் "நீங்கள் உட்காருங்கள்" என்கிறது. எல்லோரும் உட்கார்ந்து முடித்த பிறகு பார்த்தால், விருந்து கொடுத்தவருக்கே இடமில்லை. அதைக் கவனித்துக் கேட்பவன் இபாரா ஒருவன்தான். தியாகோவோ யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறார்.

அப்புறம் தினோலா வருகிறது. இஞ்சி மணக்கும் கோழிச் சாறு. ஊர் திரும்பிய பிள்ளைக்காகவே தியாகோ சொல்லிவைத்துச் சமைத்தது. மற்றவர்கள் தட்டில் தொடையும் நெஞ்சுக்கறியும் விழ, பாதிரியார் தாமாசோவுக்கு விழுவது ஒரு வெறும் கழுத்தும் முரட்டு இறக்கையும். காய்த்துண்டுகளை நசுக்குகிறார், சாற்றை ஒரு வாய் குடிக்கிறார், கரண்டியைச் சத்தம் வரப் போடுகிறார், தட்டைத் தள்ளிவிடுகிறார். பேச்சில் இபாராவைக் குத்தத் தொடங்குகிறார்.

முதல் தடவை படித்தபோது சிரித்தேன். சில அத்தியாயங்கள் போன பிறகுதான் அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றது. இபாராவின் அப்பா ரஃபாயேல், ஒரு சிறுவனை அடித்த வரி வசூல்காரனைத் தடுக்கப்போய், தள்ளிய வேகத்தில் அவன் விழுந்து இறந்துவிட, சிறைக்குப் போனவர். இதுதான் வாய்ப்பென்று, மத விரோதி, ராஜ துரோகி என்று அவர்மேல் குற்றச்சாட்டுகள் குவிந்தன. சிறையிலேயே இறந்தார். ஊர்க் கல்லறையில் புதைத்த உடலைத் தோண்டி எடுத்துச் சீனர்களின் கல்லறையில் போடச் சொன்னவர் இதே தாமாசோ. மழை இரவு, பிணம் கனத்தது. தூக்கிப்போனவன் அதை ஏரியில் எறிந்துவிட்டான்.

கோழிக் கழுத்துக்காகத் தட்டைத் தள்ளியதும் பிணத்தைத் தோண்டச் சொன்னதும் ஒரே கோபம்தான். இருபது வருஷமாக எதிரில் நின்று "முடியாது" என்று ஒரு மனிதன்கூடச் சொல்லாத ஒருவனின் கோபம். பிலிப்பைன்ஸை ஸ்பெயின் 1565 முதல் 1898 வரை ஆண்டது. மணிலாவில் கவர்னர் ஜெனரல்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தார்கள். கிராமத்தில் மாறாமல் இருந்தவர் துறவியர் சபைப் பாதிரியார்தான். ஊர் மொழி தெரிந்த ஸ்பானியர் பெரும்பாலும் அவர் ஒருவரே. யார் நல்லவன், யார் துரோகி என்று மேலே எழுதி அனுப்பியவரும் அவர்தான். பல இடங்களில் நிலமும் சபையுடையது. இதையெல்லாம் ரிசால் கட்டுரையாக எழுதியிருக்கலாம். அவர் ஒரு கரண்டிச் சத்தத்தில் கேட்கவைத்தார்.

இரண்டாவது சாப்பாடு. சான் தியேகோ என்ற ஊரிலிருந்து ஒரு மணி நேரம் நடக்கும் தூரத்தில் சீசாவின் குடிசை. மூத்தவன் பாசிலியோவுக்குப் பத்து வயது, இளையவன் கிறிஸ்பினுக்கு ஏழு. இருவரும் கோயிலில் மணியடிக்கும் வேலையில் இருக்கிறார்கள். அன்றைக்கு இருவரும் வீட்டுக்கு வருகிறார்கள் என்று சீசா கருவாடு வறுத்து, கிறிஸ்பினுக்குப் பிடித்த தக்காளி அரிந்து, ஊரில் கெஞ்சி வாங்கிவந்த காட்டுப்பன்றி உப்புக்கண்டமும் வாத்துத் தொடையும் சேர்த்து அரிசி களைந்து சமைத்துவைக்கிறாள். சேவற்சண்டைக்குத் திரியும் புருஷன் வருகிறான். எல்லாவற்றையும் தின்கிறான். பிள்ளைகள் சம்பளம் கொண்டுவந்தால் தனக்கும் எடுத்துவை என்று சொல்லிவிட்டுப் போகிறான். மிச்சம் மூன்று கருவாடு. அவள் அழுதுவிட்டு, மறுபடி உலை வைத்து, அந்த மூன்றையும் வறுக்கிறாள்.

அதே நேரத்தில் கோயில் கோபுரத்தில் பிள்ளைகள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். கிறிஸ்பின்மேல் திருட்டுப் பழி: இரண்டு பொற்காசு, அதாவது 32 பெசோ. 32 பெசோ என்றால் எவ்வளவு என்று அந்தக் குழந்தைக்குப் புரியவில்லை. கைவிரலை வைத்துக் கணக்குப் போடுகிறான். ஆறு கையும் இரண்டு விரலும், ஒவ்வொரு விரலும் ஒரு பெசோ. ஒரு பெசோவுக்கு எத்தனை செப்புக்காசு? 160. அப்படியானால் 32 கை. எண்ணவே மூன்று நாள் ஆகும்போல இருக்கிறதே என்று மலைக்கிறான். காலுக்குச் செருப்பு வாங்கலாம், வெயிலுக்குத் தொப்பி, மழைக்குக் குடை, அண்ணனுக்கும் அம்மாவுக்கும் துணி என்று அடுக்கிவிட்டு, அந்தக் காசைத் திருடாமல் போனோமே என்று இப்போது வருத்தமாக இருக்கிறது என்கிறான்.

அந்த இரவுக்குப் பிறகு கிறிஸ்பின் வீடு திரும்பவே இல்லை. அடித்து இழுத்துப்போகிறார்கள். பாசிலியோ கோபுரத்திலிருந்து கயிற்றில் இறங்கி ஓடுகிறான். காவலர் சுட்ட குண்டு நெற்றியை உரசிப்போக, ரத்தத்தோடு அம்மாவிடம் வந்து சேர்கிறான்.

மறுநாள் காலையில் சீசா செய்வது என்ன தெரியுமா? பாதிரியாருக்குப் பிடிக்குமே என்று தோட்டத்துக் காய்களையும், பாக்கோ என்கிற பெரணிக் கொழுந்தையும் கூடையில் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு, மகனைக் கேட்கப் பாதிரியார் வீட்டுக்கு வருகிறாள். அங்கே பக்தி மிகுந்த பெண்கள் சிலர் உட்கார்ந்து, செத்த பிறகு ஆன்மா பாவம் கழியத் தவிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் எந்த ஜெபத்துக்கு எத்தனை வருஷம் கழியும், யார் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். தங்களைத் தாண்டிப்போகும் தாயின் கண்ணை ஒருத்தியும் பார்க்கவில்லை. சமையல்காரன்தான் சொல்கிறான், உன் பிள்ளைகள் திருடிவிட்டு ஓடிவிட்டார்கள், பிடிக்க ஆள் போயிருக்கிறது என்று. பிறகு இரண்டு காவலர்கள் நடுவில் அவளை ஊர் பார்க்க நடத்திப் போகிறார்கள். விடுதலையாகி வீடு வந்தவள் கண்ணில் பாசிலியோவின் கிழிந்த சட்டைத் துண்டு படுகிறது, ரத்தக் கறையோடு. அங்கே அவள் புத்தி போய்விடுகிறது.

இந்தப் பகுதியை மிகை நாடகம் என்று எழுதியவர்களைப் படித்திருக்கிறேன். அவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ரிசாலுக்குப் பத்து வயது இருக்கும்போது அவருடைய அம்மா தெயோதோரா அலொன்சோவை, உறவுப் பெண்ணுக்கு விஷம் வைக்கப் பார்த்தாள் என்ற பொய்ப் புகாரில் பிடித்து, கலம்பாவிலிருந்து சாந்தா குரூஸ் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நடக்கவைத்தார்கள். இரண்டரை வருஷம் சிறை. வசதியான வீட்டுப் பெண், ஊரில் மதிப்புள்ளவர். அந்த நடையை நினைவில் சுமந்த பையன் எழுதிய பக்கங்கள் இவை. எனக்குத் தெரிந்து, இதில் அவர் கூட்டிச் சொன்னதைவிட அடக்கிச் சொன்னதுதான் அதிகம்.

அவருடைய நையாண்டி ஸ்பானியர்களோடு நிற்கவில்லை என்பதும் எனக்கு மிக முக்கியம். உட்கார இடமில்லாமல் நின்ற தியாகோ சொந்த நாட்டுக்காரர்தான். பிறந்த இனத்தை மறைக்க முகத்தில் மாவு பூசும் தோஞா விக்தோரினாவும் அப்படித்தான். ஆனால் என்னால் மறக்க முடியாதவள் தோஞா கொன்சொலாசியோன். துணி வெளுக்கும் வேலையில் இருந்து, ஸ்பானியக் காவல் அதிகாரிக்கு மனைவியானவள். தகாலோக் தனக்குத் தெரியாதது போல நடிப்பாள். திருவிழா அன்று, கூட வந்தால் அவமானம் என்று புருஷன் அவளை வீட்டிலேயே அடைத்துவிட்டுப் போகிறான். அந்த எரிச்சலில், காவல் கொட்டடியில் இருந்த பைத்தியக்கார சீசாவை மேலே வரவழைத்துப் பாடச் சொல்கிறாள். சீசா பாடுகிறாள். கேட்கக் கேட்க இவளுக்குள் ஏதோ உடைகிறது. "பாடாதே, அந்தப் பாட்டு என்னை வலிக்கச் செய்கிறது" என்று சுத்தமான தகாலோக்கில் சொல்லிவிடுகிறாள். பக்கத்தில் நின்ற சிப்பாய் திகைத்துப்போகிறான். ஒரு கணம்தான். தன் மொழி வெளியே வந்துவிட்ட வெட்கத்தில் அவள் சாட்டையை எடுத்து சீசாவை ஆடச் சொல்லி அடிக்கிறாள். அடிமைப்பட்ட ஒரு மனசு தன்னையே எப்படி வெறுக்கும் என்பதை இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு கூர்மையாகக் காட்டிய காட்சி, நான் படித்தவற்றில் வேறு இல்லை.

தலைப்பு லத்தீன். யோவான் சுவிசேஷத்தில் உயிர்த்தெழுந்த இயேசு மகதலேனா மரியாளிடம் சொல்வது. நம் தமிழ் வேதாகமத்தில் "என்னைத் தொடாதே". ரிசால் கண் மருத்துவர். நாட்டுக்குக் காணிக்கையாக்கி எழுதிய முன்னுரையில், லேசாகத் தொட்டாலே வலியெடுக்கும் புற்று ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். பழங்காலத்தில் நோயாளிகளைக் கோயில் படிகளில் கிடத்தி, வருவோர் போவோரிடமெல்லாம் மருந்து கேட்பார்கள், நான் உன்னை அப்படிக் கிடத்துகிறேன் என்கிறார். நோயாளியின்மேல் உள்ள அன்பு இல்லாமல் இந்த வரியை எழுத முடியாது.

அச்சுக்குக் காசில்லாமல், பெர்லின் குளிரில் அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்த நாட்களில் கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தவர். மாக்ஸிமோ வியோலா என்ற நண்பர் கொடுத்த 300 பெசோவில் 2,000 பிரதிகள் அச்சாயின. செலவைக் குறைக்க நாவலில் வரும் படகோட்டி எலியாஸ், அவனை நேசிக்கும் சலோமே இருவரைப் பற்றிய ஒரு முழு அத்தியாயத்தையே எடுத்துவிட்டார். புத்தகம் மணிலாவுக்குப் போனதும் தடை கேட்டுச் சபைகள் எழுந்தன. 1889-இல் ரிசாலின் அக்கா லூசியாவின் கணவர் மரியானோ எர்போசா காலராவில் இறந்தபோது கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்டது. கதையில் ரஃபாயேலுக்கு நடந்தது, எழுதி இரண்டே வருஷத்தில் எழுதியவர் குடும்பத்துக்கே நடந்தது.

1956-இல் பிலிப்பைன்ஸ் பள்ளி கல்லூரிகளில் ரிசாலின் நாவல்களைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தபோது கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. விசுவாசத்துக்கு எதிரான நூல் என்றது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலையில் கீரைக்கூடையோடு வரும் சீசாவைவிட விசுவாசம் உள்ளவர் இந்த நாவலில் யாருமில்லை. அந்த விசுவாசத்துக்குக் கதவு திறக்காதவர்களைத்தான் ரிசால் கேள்வி கேட்கிறார். அந்தச் சட்டத்தால்தான் ஆத்தேக்கு சீசாவைத் தெரிந்திருந்தது.

நாவலின் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், பாசிலியோ காட்டுக்குள் அம்மாவைக் கண்டுபிடிக்கிறான். ரத்தம் வழியும் அவன் தலையைப் பார்த்ததும் அவளுக்குப் புத்தி தெளிகிறது. மகனை அடையாளம் கண்டு கட்டிக்கொள்கிறாள். அப்படியே இறந்துபோகிறாள். குண்டடி பட்டு அங்கே வந்து சேரும் எலியாஸ், விறகு சேர்த்து எங்கள் இருவரையும் எரித்துவிடு, இங்கே பொன் புதைந்திருக்கிறது, யாரும் வராவிட்டால் அதை எடுத்துப் படி என்று அந்தச் சிறுவனிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான்.

1891-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் வெளியான இரண்டாவது நாவல் 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ'வில் பாசிலியோ வளர்ந்து வருகிறான். மணிலாவில் பசியோடு அலைந்தவன், சம்பளம் இல்லாத வேலைக்காரனாக ஒரு வீட்டில் ஒண்டி, அங்கிருந்தே மருத்துவம் படிக்கிறான். அபினியில் மூழ்கிக் கிடக்கும் அந்த வீட்டுக்காரரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவனும் அவன்தான். வீடு கபித்தான் தியாகோவுடையது.