மூன்று மாதக் கெடு யாருக்கு வசதி?

பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பெண் அதை வீட்டில் சொன்னதும் நம் ஊரில் அவளுக்குக் கிடைக்கிற முதல் பதில் பெரும்பாலும் "கொஞ்சம் பொறு" என்பதுதான். சித்திரைத் திருவிழா முடியட்டும், தங்கைக்கு வந்திருக்கிற வரன் கூடிவரட்டும், மாமாவை விட்டு முதலாளியிடம் பேசச் சொல்வோம் என்று காரணங்கள் நீளும். இப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு என்பதும், அந்தக் கணக்கு குற்றத்துக்குக் குற்றம் வேறுபடும் என்பதும் தெரியாமலேயே பல குடும்பங்கள் காத்திருக்கின்றன. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே அமைக்கப்படுவது உள்ளகப் புகார்க் குழு; மதுரையில் சில நிறுவனங்களின் அத்தகைய குழுக்களில் வெளி உறுப்பினராக இருக்கிறவள் என்ற முறையில், எந்தப் புகாருக்குக் கெடு உண்டு, எதற்குக் கெடுவே இல்லை என்பதை விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில் நல்ல செய்தி. இத்தனை வருடம் கழித்துப் போனால் போலீஸ் எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டு, தாமே இல்லையென்று முடிவு செய்துகொள்கிறவர்கள் மிகப் பலர். மூன்றாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க எந்தக் குற்றத்துக்கும் நம் குற்றவியல் சட்டத்தில் காலவரம்பு இல்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆவது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆவது பிரிவாகத் தொடர்கிறது. ஆகவே வல்லுறவுக்கும், மானபங்கப்படுத்தும் நோக்கத்தோடு பெண்ணின் மீது வன்முறையைப் பயன்படுத்துவதற்கும் பத்து ஆண்டுகள் கழித்தும் புகார் கொடுக்கலாம். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தில் அரசு ஊழியர்கள் பெண்களை வல்லுறவு செய்த கொடுமை நடந்தது 1992 ஜூனில். தருமபுரி நீதிமன்றம் தண்டனை வழங்கியது 2011இல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, வல்லுறவுக்கு ஆளான பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது 2023இல். இத்தனை நெடிய காத்திருப்பு நியாயமா என்பது வேறு கேள்வி. காலம் கடந்துவிட்டது என்ற வாதம் அவர்களை வீழ்த்தவில்லை என்பதே இங்கே முக்கியம்.

புகார் தாமதமாக வந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சந்தேகிக்கக் கூடாது என்றும், குடும்ப மானத்தை எண்ணித் தயங்குவது இயல்பே என்றும் உச்ச நீதிமன்றம் 1996இலேயே, பஞ்சாப் மாநில அரசுக்கும் குர்மித் சிங்குக்கும் இடையிலான வழக்கில் சொல்லிவிட்டது. எனவே தாமதமாகப் புகார் எழுதுகிறவர்கள் அந்தத் தாமதத்தை மறைக்க வேண்டியதில்லை. யாருக்குப் பயந்தோம், யார் தடுத்தார்கள், இப்போது எது மாறியது என்பதைப் புகாரிலேயே நான்கு வரி எழுதிவிடுவது நல்லது, ஏனென்றால் குறுக்கு விசாரணையில் அந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

கெடு உள்ள குற்றங்களும் இருக்கின்றன. நம் தெருவிலும் பேருந்திலும் அன்றாடம் நடப்பவை பெரும்பாலும் இவைதாம். ஆபாசமாகப் பேசியதற்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டு, ஆகவே ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். முதல் முறை பின்தொடர்ந்து தொல்லை கொடுத்ததற்கும், மறைந்திருந்து படம் எடுத்ததற்கும், பாலியல் இணக்கம் கேட்டதற்கும் மூன்றாண்டு. நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்த நாளை அல்ல, புகார் கொடுக்கப்பட்ட நாளையே இதற்குக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியிருக்கிறது. நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. எந்தச் சட்டம் பொருந்தும் என்பது சம்பவம் நடந்த தேதியைப் பொறுத்தது: 2024 ஜூலைக்கு முந்தைய குற்றத்துக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டமே.

குழந்தைகள் விஷயத்தில் கெடு பெரியவர்களைத்தான் நெருக்குகிறது. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தில் புகார் கொடுக்க இத்தனை நாள் என்று எதுவும் எழுதப்படவில்லை. பதினான்கு வயதில் வல்லுறவுக்கு ஆளானவர் முப்பது வயதிலும் காவல் நிலையத்துக்குப் போகலாம். ஆனால் குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காத ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் உறவினருக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பள்ளி, விடுதி போன்றவற்றின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லிப் பெற்றோரைச் சமாதானப்படுத்தி அனுப்பும் தலைமையாசிரியர், தாமே ஒரு குற்றத்தைச் செய்துகொண்டிருக்கிறார். இந்தச் சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும். பையனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கும் தந்தைமார்களை நம் ஊரில் இன்னும் பார்க்கிறேன்.

என் வருத்தமெல்லாம் பணியிடத்தைப் பற்றியது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி, சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. காரணத்தைப் பதிவு செய்து குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் இல்லை. இந்த வரம்பு எவ்வளவு கறாரானது என்பதை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு காட்டுகிறது. மேற்கு வங்கத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீது பேராசிரியை ஒருவர் கொடுத்த புகாரில், கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரலில் நடந்ததாகவும், புகார் டிசம்பரில் வந்ததால் காலவரம்பு கடந்துவிட்டதாகவும் நீதிமன்றம் முடிவு செய்தது. அதே சமயம், இந்தத் தீர்ப்பு துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சட்டம் கற்பிக்கிற பேராசிரியைக்கே இதுதான் நிலை என்றால், கப்பலூர் சிட்கோவில் பொட்டலம் கட்டுகிற பெண் தேதியை எண்ணிக்கொண்டிருப்பாளா?

அந்த மூன்று மாதம் எப்படிக் கரைகிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வாய்மொழியாகச் சொன்னதும் மேலாளர் "நான் பேசிக்கொள்கிறேன்" என்பார். பிறகு வேறு பிரிவுக்கு மாற்றுகிறோம் என்பார்கள். பிறகு ஆண்டுக் கணக்கு முடிக்கிற வேலை வந்துவிடும். கடைசியில் அவள் எழுதிக் கொடுக்கும்போது, ஏன் இவ்வளவு தாமதம் என்று அதே நிர்வாகம் கேட்கும். தாமதத்தை உண்டாக்கியவர்களே அதன் பலனை அனுபவிக்க இடம் தருகிற இந்தக் கெடுவைக் குறைந்தது ஓராண்டாக நாடாளுமன்றம் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும், அறிக்கை கிடைத்த 60 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பன போன்ற கெடுக்கள் நிறுவனத்துக்கும் இருக்கின்றன. அவை தவறினால் இதே கண்டிப்பு காட்டப்படுவதில்லை. ஆகவே வாய்மொழியாகச் சொன்ன அன்றே அதே விஷயத்தைத் தேதியிட்டு மின்னஞ்சலாகவோ பதிவுத் தபாலாகவோ குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. சமரசம் என்பது அந்தப் பெண் தானாகக் கேட்டால் மட்டுமே. அப்போதும் பணம் வாங்கிக்கொண்டு முடிக்கும் சமரசத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை. ஆறு மாதம் கடந்துவிட்டால் குழுவின் வழிதான் அடைபடுகிறது. குற்றவியல் புகாருக்கு அதன் காலவரம்பு தனி.

காவல் நிலையத்தில் கவனிக்க வேண்டியது சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது. அதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நிம்மதியாக வீடு திரும்பியவர்கள் ஏராளம். அது மனுவைப் பெற்றதற்கான ஒப்புகை மட்டுமே. கேட்டு வாங்க வேண்டியது முதல் தகவல் அறிக்கையின் இலவச நகல். உசிலம்பட்டியில் நடந்ததற்குத் தல்லாகுளம் மகளிர் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. வல்லுறவு போன்ற குற்றங்களில் வழக்குப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது. மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கும், அதன் பின் நீதித்துறை நடுவருக்கும் போகலாம்.

சட்டத்தின் கெடுவை விடக் கண்டிப்பானது உடலின் கெடு. தடயங்கள் மூன்று நாளுக்குப் பின் வெகுவாகக் குறைந்துவிடும் என்றும், 96 மணி நேரம் வரை எடுத்துப் பார்க்கலாம் என்றும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அரசு இராஜாஜி மருத்துவமனையானாலும் அண்ணா நகர் தனியார் மருத்துவமனையானாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். போலீஸ் வந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல முடியாது. வல்லுறவுக்கு ஆளானவரின் பிறப்புறுப்பில் விரல்களை நுழைத்துப் பார்க்கும் இருவிரல் சோதனையைத் தடை செய்யுமாறு 2022 ஏப்ரலில் மாநில அரசுக்கு உத்தரவிட்டது நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான்.

கணவனிடம் பாலியல் கொடுமையை அனுபவிக்கிறவருக்கு, பதினெட்டு வயது கடந்த மனைவியைப் பொறுத்தவரை, வல்லுறவுச் சட்டம் இன்றும் கைகொடுப்பதில்லை. இது நம் சட்டத்தின் வெட்கக்கேடு. ஆனால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்டு மனு செய்ய ஓராண்டுக் கெடு கிடையாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இழப்பீட்டையும் விட்டுவிடக் கூடாது. 2018ஆம் ஆண்டின் தேசியத் திட்டப்படி வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை, பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால் அதில் பாதி கூடுதலாக. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். மூன்றாண்டுக்குள் கேட்க வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் பின்னரும் ஏற்பார்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குக்கும் பொதுவாக மூன்றாண்டுதான், சிறு வயதில் பாதிக்கப்பட்டவருக்கு அது பதினெட்டு வயதிலிருந்து தொடங்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளிலும் சிறு மருத்துவமனைகளிலும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற பெண்களுக்கும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களுக்கும், வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் உள்ளகக் குழு கிடையாது. அவர்கள் போக வேண்டியது மாவட்ட உள்ளூர்க் குழுவிடம். ஒவ்வொரு மாவட்டத்திலும் இது இயங்குவதை உறுதி செய்யுமாறு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் குழுவின் தலைவர் பெயரும் தொடர்பு எண்ணும், கூடவே மூன்று மாதக் கெடுவும், ரேஷன் கடைகளிலும் மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையங்களிலும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும் என்று கேட்டு, வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க இருக்கிறேன். சேர்ந்து கையெழுத்திட விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.