டைல்ஸ் நிஜமாகவே அவ்வளவு குளிரா?

டைல்ஸ் தரை பாயைவிடப் பல டிகிரி குளிர்ந்தது, பெயர்த்துவிட்டு மரத்தரை போடுவதே வழி என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மார்கழிக் காலையில் கால் வைத்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரே அறையில் இரவு முழுக்கக் கிடந்த பாயும் டைல்ஸும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். டைல்ஸ் நம் பாதத்தின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது. கோரைப்பாயும் ஜமுக்காளமும் மெதுவாக இழுக்கின்றன, அவ்வளவுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவு ஐஸ் கட்டி இரண்டு எடுங்கள். ஒன்றை வெறும் டைல்ஸில் வையுங்கள், இன்னொன்றை நாலாக மடித்த பழைய ஜமுக்காளத்தின் மேல் (நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீட்டில் திட்டு விழும்). 'குளிர்ந்த' டைல்ஸில் இருப்பதுதான் முதலில் கரையும்.