பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

"கட்டாயம் பாருங்கள்" என்று நான் சொன்ன ஒரு படத்தை நண்பர் ஒருவர் இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டார். யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி', 1953-இல் வந்தது. மறுநாள் அவர் தயங்கித் தயங்கி, "ஒன்றுமே நடக்கவில்லையே, யாரோ ஊருக்குக் கிளம்புகிறார்கள், யாரோ தேநீர் கொடுக்கிறார்கள்" என்றார். முதலில் எனக்கு மனம் சுணங்கியது. இரவு முழுக்க யோசித்தபோது, அவர் சொன்னதில் பிழையில்லை, பிழை நான் பரிந்துரைத்த விதத்தில்தான் என்று தெளிந்தது. உலகத்தின் மிகச் சிறந்த படங்களுள் ஒன்று என்று சொன்னேனே தவிர, அதற்குள் எப்படி நுழைய வேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். வயதான தாயும் தந்தையும் பிள்ளைகளைக் காண டோக்கியோவுக்கு வருகிறார்கள். பிள்ளைகள் கொடியவர்கள் அல்லர், நேரமில்லாதவர்கள். போரிலிருந்து திரும்பாத மகனின் மனைவிதான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவர்களோடு ஒரு நாளைச் செலவிடுகிறாள். கேமரா பெரும்பாலும் அசைவதே இல்லை. தரையில் அமர்ந்திருப்பவரோடு தானும் தரையில் அமர்ந்ததுபோலத் தாழ்ந்து நிற்கிறது. முதல் அரை மணி நேரத்தின் சம்பிரதாயப் பேச்சுகளைக் கவனமாகக் கேட்டு வைத்துக்கொண்டால், கடைசிப் பகுதியில் அதே விதமான பேச்சு மறுபடி வரும்போது அது தாங்க முடியாததாகிவிடும். இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நண்பருக்குக் கொடுக்காமல் விட்டதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பழைய படங்களையும் தொலைக்காட்சி ஆவணத்தொடர்களையும் பற்றி நாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும்போது பெயர்ப் பட்டியல்கள்தாம் மிகுதியாக இருக்கின்றன. பட்டியலைப் பார்த்து யாரும் படம் பார்ப்பதில்லை. குறித்து வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு படத்தைச் சொல்பவர் எந்தப் பிரதியைப் பார்ப்பது, தொடரானால் எந்த அத்தியாயத்தில் தொடங்குவது, எங்கே பொறுமை வேண்டியிருக்கும், எதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பரிந்துரை என்பது என் கருத்து.

பிரதி என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கார்ல் தியோடர் டிரெயரின் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' 1928-இல் வெளிவந்த மௌனப்படம். அதன் மூல நெகடிவ் தீயில் அழிந்துபோனது. பல பத்தாண்டுகள் உலகம் பார்த்தவை சிதைந்த, வெட்டி ஒட்டிய வடிவங்கள்தாம். 1981-இல் நார்வேயின் ஒரு மனநல மருத்துவமனையில், யாரும் திறக்காத அலமாரியொன்றில், தொடக்ககால வடிவத்தின் பிரதி கிடைத்தது. ஏறக்குறைய முழுவதும் முகங்களாலேயே சொல்லப்படும் படம் அது. ஜோனாக நடிக்கும் ஃபால்கோனெட்டியின் முகத்தில் ஒரு கண்ணீர்த்துளி உருள்வதுகூட ஒரு நிகழ்ச்சி. மங்கிப்போன பிரதியில் அதைப் பார்ப்பவருக்கு, ஏன் இத்தனை பேர் இதைக் கொண்டாடுகிறார்கள் என்பதே விளங்காது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கும் ஏறத்தாழ அதே கதிதான் நேர்ந்தது. 1993-இல் லண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் நெகடிவ் கருகியது. எஞ்சியதை இத்தாலியின் பொலோனா நகரில் வல்லுநர்கள் பதமாக மீட்டெடுத்து, 2015-இல் புதிய பிரதியாகத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். கீறல் விழுந்த பழைய பிரதியில் அதைப் பார்த்துவிட்டு "பார்த்தாயிற்று" என்று சொல்பவர்களிடம், தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காற்றில் நாணல் அசையும் அந்த வெளியில் இரு குழந்தைகள் ரயிலைத் தேடி ஓடுவதை அப்போதுதான் முழுதாகக் காண்பீர்கள்.

மௌனப்படங்களில் வேகத்தையும் கவனிக்க வேண்டும். நொடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது சட்டகங்கள் என்று எடுக்கப்பட்டவற்றை இருபத்து நான்கில் ஓட்டினால் மனிதர்கள் பொம்மைகள்போலத் துள்ளுகிறார்கள். அந்தக் காலத்தில் நடிப்பே அப்படித்தான் என்று பலர் நம்பிவிட்டார்கள்.

ஆவணத்தொடர்களுக்கு வருகிறேன், என் மனம் அதிகம் தங்குவது அங்கேதான். இரண்டாம் உலகப் போரைப் பற்றிய 'தி வேர்ல்ட் அட் வார்' 1973 அக்டோபர் முதல் 1974 வரை பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இருபத்தாறு அத்தியாயங்கள், தயாரிப்பு ஜெரமி ஐசக்ஸ், பின்னணிக் குரல் லாரன்ஸ் ஒலிவியே. 1944-இல் படையினரால் மக்கள் கொன்றொழிக்கப்பட்டு, இடிபாடாகவே விடப்பட்டுள்ள பிரெஞ்சுக் கிராமம் ஒன்றின் மேல் கேமரா மெல்ல நகர்வதோடு அது தொடங்குகிறது. போர் முடிந்து முப்பது ஆண்டுகூட ஆகாத காலம் என்பதால் அதில் பேசுபவர்கள் நேரில் கண்டவர்கள்: ஹிட்லரின் செயலாளராக இருந்த டிரவுடில் யுங்கே பேசுகிறார், அவருடைய அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பேர் பேசுகிறார், நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பியவர்கள் பேசுகிறார்கள். இனி யாராலும் அப்படி ஒரு தொடரை எடுக்க முடியாது, ஏனெனில் பேச அவர்கள் இல்லை.

இதைப் பரிந்துரைக்கும்போது மூன்று செய்திகளைச் சேர்த்தே சொல்கிறேன். சதுரத்தை ஒட்டிய பழைய திரை அளவில் உள்ள பிரதியைத் தேடுங்கள். அகலத்திரைக்காக வெட்டப்பட்ட பதிப்பு ஒன்று 2010-இல் வந்தது, அப்படி வெட்டும்போது படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது. அடுத்து, ஜெர்மானிய இரகசியக் குறியீடுகளைப் பிரிட்டிஷார் உடைத்த கதை 1974-இல்தான் விரிவாகப் பொதுவெளிக்கு வந்தது. ஆகவே அட்லாண்டிக் கடல்போரைச் சொல்லும் அத்தியாயத்தில் வெற்றிக்கான அந்தப் பெரும் காரணம் இடம்பெறவில்லை. தொடர் பொய் சொல்லவில்லை. அன்று சொல்ல முடிந்ததைச் சொன்னது. மூன்றாவதாக, ஷ்பேர் பேசும்போது அவருடைய நயமான குரலுக்கு மயங்கிவிடாதீர்கள். யூதப் படுகொலை பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்று அவர் வரைந்துகாட்டிய சித்திரத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் பெரிதும் மறுத்திருக்கிறார்கள்.

இருபத்தாறு அத்தியாயம் என்று மலைப்பவர்களுக்கு நான் வேறொன்றைச் சொல்வேன். ஜேக்கப் பிரனாவ்ஸ்கியின் 'தி அசென்ட் ஆஃப் மேன்' (1973) பதின்மூன்று பகுதிகள் கொண்டது. பதினொன்றாவது பகுதியை மட்டும் முதலில் பாருங்கள். அறிவின் எல்லை எது, உறுதி என்று எதைச் சொல்லலாம் என்று அறிவியலாளராகப் பேசிக்கொண்டே வருபவர், முடிவில் அவுஷ்விட்ஸ் முகாமின் குளக்கரையில் நிற்கிறார். அவருடைய உறவினர் பலர் மாண்ட இடம் அது. காலணியோடு அந்த நீரில் இறங்கி, குனிந்து, சேற்றைக் கையில் அள்ளுகிறார். தொலைக்காட்சியில் நான் கண்டவற்றுள் இதற்கு இணையாக ஒன்றையும் சொல்ல என்னால் இயலவில்லை.

அடுத்து, நண்பர்களோடு நான் மிகுதியாக வாதாடியது 'நானூக் ஆஃப் த நார்த்' பற்றி. வட கனடாவின் இனுயிட் மக்களைப் பற்றி ராபர்ட் ஃபிளாகர்ட்டி 1922-இல் வெளியிட்ட இந்தப் படத்தை ஆவணப்படங்களின் முன்னோடி என்கிறார்கள். அதன் நாயகருடைய உண்மைப் பெயர் நானூக் அன்று, அல்லகரியல்லாக். துப்பாக்கி அறிந்திருந்த மக்களைக் கொண்டு முன்னோர் வழியில் எறியீட்டியால் வேட்டையாடச் செய்தார்கள். பனிவீட்டின் உட்காட்சிக்கு வெளிச்சம் வேண்டுமென்று அதன் ஒரு பாதியைத் திறந்துவைத்தார்கள். இசைத்தட்டைக் கண்டு வியந்து கடித்துப் பார்க்கும் காட்சியும் நடிப்புத்தான். இவற்றை அறிந்தபின் ஒரு நண்பர், இது ஏமாற்று, இனி இதை ஆவணப்படம் என்று சொல்லாதீர்கள் என்றார். அவருடைய கோபத்தில், குறிப்பாக அந்த இசைத்தட்டுக் காட்சியைப் பற்றிய கோபத்தில், எனக்கு முழு உடன்பாடு உண்டு: தெரிந்த மனிதரைத் தெரியாதவராகக் காட்டுவது அவரைச் சிறுமைப்படுத்துவது. ஆயினும் அந்தப் பனிக்காற்று நடிப்பன்று, கடற்கரையில் வால்ரஸின் எடையை எதிர்த்துக் கயிற்றை இழுக்கும் கைகளும் நடிப்பல்ல. ஆகவே நான் இதைப் பரிந்துரைக்கிறேன், ஆனால் இந்தச் செய்திகளை முன்கூட்டியே சொல்லித்தான் பரிந்துரைக்கிறேன். தெரிந்துகொண்டு பார்ப்பவர் ஒவ்வொரு காட்சியிலும் எது ஏற்பாடு, எது வாழ்க்கை என்று தாமே தேடத் தொடங்குகிறார்; அந்தத் தேடலை அவர் பிறகு பார்க்கும் எல்லா ஆவணப்படங்களுக்கும் எடுத்துச் செல்கிறார்.

நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையைப் பற்றிய குளோட் லான்ஸ்மானின் 'ஷோவா' (1985) ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. பழைய படச்சுருளின் ஒரு துண்டுகூட அதில் இல்லை. ஒரே நாளில் பார்த்து முடிக்க முயலாதீர்கள் என்பதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்து நாங்கள் நால்வர் சேர்ந்து பார்க்கத் தொடங்கியிருப்பது, 1964-இல் ஏழு வயதுக் குழந்தைகள் பதினான்கு பேரோடு தொடங்கி, ஏழாண்டுக்கு ஒருமுறை அவர்களைச் சந்தித்து, 2019-இல் அவர்களின் அறுபத்து மூன்றாம் வயதுவரை வந்த 'செவன் அப்' தொடர். பதினான்கு பேரில் நால்வரே பெண்கள். அந்தக் குறையை இயக்குநர் மைக்கேல் ஆப்டெட் பின்னாளில் தாமே ஒப்புக்கொண்டார். வரிசை மாற்றாமல் முதல் பகுதியிலிருந்தே பாருங்கள், வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். டோக்கியோ படத்தைப் பாதியில் விட்ட நண்பரும் இந்த நால்வரில் ஒருவர். இருபத்தொன்றாம் வயதுப் பகுதியை முடித்துவிட்டு, ஓசுவை இன்னொரு முறை தொடக்கத்திலிருந்து பார்க்கிறேன் என்று அவராகவே சொல்லியிருக்கிறார்.