மலையை எங்கே நின்று பார்க்கிறது கேமரா?

"படம் சுமார்தான், ஆனா விஷுவல்ஸ் வேற லெவல்." மலையில் எடுத்த படம் எது வந்தாலும் முதல் நாளே இந்த வரி என் டைம்லைனில் வந்து நிற்கும். ஒளிப்பதிவைப் பாராட்டினால் எனக்குச் சந்தோஷம்தான். டைட்டிலில் ஒளிப்பதிவாளர் பெயர் வரும்போது தியேட்டரில் விசில் பறந்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நான். ஆனால் கதைக்கு ஒரு மார்க், விஷுவல்ஸுக்கு ஒரு மார்க் என்று தனித்தனியாகப் போடும் இந்தக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. யார்மேல் இரக்கம் வர வேண்டும், எந்த இடம் சொர்க்கம், எது ஆபத்து, யார் ஆள், யார் பின்னணி என்பதையெல்லாம் வசனம் தொடங்கும் முன்பே கேமரா நம் மனசில் எழுதிவிடுகிறது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது கொஞ்சம் சீக்கிரமே உறைக்கும்.

பனிமூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் சினிமாவில் மூட்டம் இறங்கினால் காதல் என்று அர்த்தம். அதற்குத் தொழில்ரீதியான காரணம் உண்டு. மூட்டத்துக்குள் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வராமல் எல்லாப் பக்கமும் சிதறி வரும். முகத்தில் அழுத்தமான நிழல் விழாது, கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாகும், பின்னால் இருக்கும் கடையும் கரண்ட் கம்பியும் மறைந்துபோகும். மிஞ்சுவது இரண்டு முகங்கள்தான். 1989இல் வந்த 'இதயத்தை திருடாதே'வில் பி.சி. ஸ்ரீராம் ஊட்டியை அப்படித்தான் காட்டினார். சாகப்போகும் இரண்டு பேரின் கதையை அவ்வளவு பேர் அவ்வளவு ஆசையோடு பார்த்ததற்கு அந்த வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை, அந்தக் கதைக்கு அந்த மூட்டம் தேவைப்பட்டது. ஆனால் அதற்குப் பிறகு மூட்டம் என்றாலே அது மட்டும்தான் என்று ஆகிவிட்டது. சாயங்காலம் கடைசி பஸ் ஓட்டி வரும் டிரைவருக்கு மூட்டம் என்றால் அடுத்த கொண்டை ஊசி வளைவில் காட்டுமாடு நிற்கிறதா இல்லையா என்பது. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து ஆட்களை இழந்த வீடுகளில் மூட்டமும் மழையும் சேர்ந்து இறங்கினால் இன்றைக்கும் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. எந்த டூயட்டும் இதைக் காட்டவில்லை என்று நான் சண்டைக்கு வரவில்லை. மலை வாழ்க்கையையே கதையாக எடுக்கிற படம்கூட அந்த டூயட் வெளிச்சத்தைக் கடன் வாங்கும்போதுதான் மனசு ஆறவில்லை.

அடுத்தது சரிவு. மலையில் வேலை செய்கிறவர்களின் முழங்காலுக்குத் தெரிந்த விஷயம், கேமராவுக்கு மட்டும் பெரும்பாலும் தெரிவதில்லை. தூரத்தில் உள்ளதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும் லாங் லென்ஸை எட்ட நின்று போட்டால் முன்னால் உள்ள செடியும் பின்னால் உள்ள செடியும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். நிரைக்கு நடுவே ஆள் போகிற சந்து காணாமல் போகும். ட்ரோனை ஏற்றி நேர் மேலிருந்து எடுத்தால் சரிவே இல்லை, ஒரே பச்சைக் கம்பளம். அந்தக் கம்பளத்தில் கலர் கலராகச் சில புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகள் பெண்கள். முதுகில் மூட்டை, இடுப்பில் செடியின் ஈரம் படாமல் கட்டிய பிளாஸ்டிக் ஷீட், மழைக்காலமென்றால் காலில் ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சி, தேயிலைக் கறையேறி எலுமிச்சை தேய்த்தாலும் போகாத விரல் நுனி. ஒரு கால் மேலேயும் ஒரு கால் ஒரு முழம் கீழேயும் ஊன்றி நின்றுதான் கொழுந்து எடுக்க முடியும். கேமராவை அவர்கள் நிற்கும் அதே சரிவில், அவர்கள் இடுப்பு உயரத்தில் வைத்தால் ஒரே ஷாட்டில் இது எல்லோருக்கும் புரிந்துவிடும்.

என் அக்கா மகள் கோயம்புத்தூரில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிறாள். போன மாதம் ஒரு படம் பார்த்துவிட்டு இதைப் பற்றி நாங்கள் ரொம்ப நேரம் பேசினோம். "சித்தி, ட்ரோன் ஷாட் இல்லைனா ஓடிடில யாருமே நிறுத்திப் பார்க்க மாட்டாங்க. அழகா இருந்தாதானே ஜனங்க உள்ள வருவாங்க?" என்றாள். நியாயமான கேள்வி. அழகாக எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. அந்தப் படத்தில் கூலி உயர்வு கேட்டுப் பெண்கள் வேலையை நிறுத்துகிறார்கள். அந்தக் காட்சி முடிந்ததும் கேமரா மேலே போய், தோட்டம் முழுவதையும் தங்க வெயிலில் காட்டுகிறது. பார்த்த எல்லோருக்கும் அந்தத் தங்க வெயில்தான் ஞாபகம் இருக்கிறது. கூலி எவ்வளவு கேட்டார்கள் என்று அவளிடமே கேட்டேன். ஞாபகம் இல்லை. இத்தனைக்கும் அவள் பாட்டி கொழுந்து எடுத்தவர்.

எங்கள் மலைக்கு வேறு ஊராக நடிப்பதில் பழைய அனுபவம் உண்டு. 1984இல் டேவிட் லீன் எடுத்த ஆங்கிலப் படத்தில் நீலகிரி மலை ரயில் வட இந்திய ரயிலாக ஓடியது. 'ரோஜா'வில் காஷ்மீராகத் தெரிவதில் ஒரு பங்கு மணாலி, இன்னொரு பங்கு குன்னூரும் ஊட்டியும். சந்தோஷ் சிவனின் கேமரா அதைக் காஷ்மீர் என்று நம்ப வைத்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ பேருக்குக் காஷ்மீரைப் பற்றிய முதல் எண்ணமே அந்தக் குளிரிலிருந்துதான் வந்தது. இடம் நிஜமா என்பதைவிட, இடத்தின் மேல் போட்ட வெளிச்சம் நம்பும்படி இருக்கிறதா என்பதைத்தான் பார்வையாளர் மனசு சோதிக்கிறது. அந்தப் பலம் ஒளிப்பதிவாளர் கையில் இருக்கிறது.

கொடைக்கானலில் இதற்கு இன்னும் நல்ல உதாரணம் உண்டு. டெவில்ஸ் கிச்சன் என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த குகைக்கு, 1991இல் வேணு ஒளிப்பதிவு செய்த 'குணா' வந்த பிறகு பெயரே குணா குகை என்று மாறிவிட்டது. அந்தப் படத்தில் குகை காதலின் கோயில். பாறைச் சந்து வழியாக இறங்கும் வெளிச்சத்தில் அந்த இடம் புனிதமாகத் தெரியும். 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. 2006இல் அதே இடத்தில் குழிக்குள் விழுந்த நண்பனை மீட்ட இளைஞர்களின் கதை. குகைக்குள் நடப்பதில் பெரும்பகுதி செட். ஷைஜு காலித்தின் கேமரா குழிக்குள் இருந்து மேலே பார்க்கிறது. வானம் ஒரு கீற்றுதான். அதே பாறையில் ஒரு தலைமுறைக்குக் காதல் தெரிந்தது, இன்னொரு தலைமுறைக்குச் சாவு தெரிந்தது. பயத்தை அவ்வளவு நன்றாகக் காட்டிய படம் வந்த பிறகுதான் கொடைக்கானலுக்குக் கூட்டம் அலைமோதியது, வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதற்கு! நல்ல ஒளிப்பதிவு பயத்தைக்கூடப் போய்ப் பார்க்க வேண்டிய இடமாக்கிவிடும்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை இருந்ததை எங்கள் பக்கத்தில் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 1960இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கே தயாராயின. இன்று அது மூடிக் கிடக்கிறது. ஃபிலிம் காலத்தில் பெரும்பாலும் மலையிலேயே நின்று வெளிச்சத்துக்காகக் காத்திருந்து முடிவெடுக்க வேண்டும். இப்போது எடுத்து முடித்த படத்தின் நிறத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றும் டிஐ அறையில் உட்கார்ந்து எல்லாப் பச்சையையும் ஒரே மரகதப் பச்சையாக இழுத்துவிடுகிறார்கள். தேயிலை ஒருநாளும் ஒரே பச்சை கிடையாது. கொழுந்து இளமஞ்சள் கலந்த பச்சை, முற்றிய இலை கிட்டத்தட்டக் கறுப்பு. கவாத்து வெட்டிய, அதாவது கிளைகளைக் கழித்துவிட்ட தோட்டம் வெறும் குச்சி. ஜனவரி உறைபனியில் கருகிய செடி துருப்பிடித்த நிறம், அந்த மாதம் கூலி வேலையும் குறையும். அந்தத் துரு நிறத்தை டிஐயில் பச்சையாக்கினால் ஒரு குடும்பத்தின் கஷ்டமும் சேர்ந்து அழிந்துவிடும். 2013இல் 'பரதேசி'யில் செழியன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பசுமையின் கவர்ச்சியை உருவி, மண்ணும் பழுப்புமாகக் காட்டினார். அந்தத் தோட்டத்தைப் பார்த்து யாரும் ஹனிமூனுக்கு ரூம் போட நினைத்திருக்க மாட்டார்கள். அந்த நிறம் பேசிய நியாயம் அது.

அழகும் உண்மையும் சேர்ந்து வராது என்பவர்களுக்கு 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யைக் காட்டுவேன். எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் செய்தவர் பாலு மகேந்திரா. ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் வாங்கினார். கேத்தி ரயில் நிலையத்தில் அந்தக் கடைசிக் காட்சியில் பின்னணியில் போஸ்ட்கார்டு மலை எதுவும் கிடையாது. மழை, சேறு, நகரத் தொடங்கிய ரயில், அதில் போகும் பெண்ணுக்குத் தன்னை அடையாளம் காட்டத் தலையில் பானையை வைத்தும் குட்டிக்கரணம் போட்டும் பார்க்கும் ஒரு மனிதன். கேத்தியில் மழை நாளில் வெளிச்சம் அப்படித்தான் இருக்கும்: சாம்பல், ஈரம், எந்தப் பக்கமும் சேராத வெளிச்சம். அந்த வெளிச்சம் அவரை ஹீரோவாக்கவும் இல்லை, கோமாளியாக்கவும் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேலாக ஜனங்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள், "விஷுவல்ஸ் வேற லெவல்" என்று அந்தக் காட்சியைப் பற்றி ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.

2018இல் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் தேனி ஈஸ்வர் செய்ததும் இதற்குப் பக்கத்தில் வரும். சுமை தூக்குகிறவர்களோடு கேமராவும் மலையேறுகிறது. விரிந்த மலை காட்சியில் வரும்போதெல்லாம் அதன்மேல் நடக்கிற ஆளின் கால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. அதனால்தான் அந்த மலை வால்பேப்பராக மாறவில்லை.

அக்கா மகளுக்கு இந்த செமஸ்டரில் ஒரு குறும்படம் எடுக்க வேண்டுமாம். எங்கள் ஊருக்கே வரச் சொல்லியிருக்கிறேன். ட்ரோனைக் கொண்டு வரட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் முதல் நாள் முழுக்க அதைப் பையிலேயே வைத்துவிட்டு, கொழுந்து எடை போடுகிற இடத்தில் தராசு முள்ளுக்குப் பக்கத்தில் கேமராவை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கூடலூர், பந்தலூர், குன்னூர், கொடைக்கானல் பக்கத்து நண்பர்களே, உங்கள் ஊர் எந்தப் படத்தில் உங்கள் ஊராகவே தெரிந்தது? படத்தின் பெயரும் அந்த ஒரு ஷாட்டும் சொன்னால் போதும், அவளுக்கும் அனுப்பி வைப்பேன்.