வெனீர் இருந்தால் போலி என்று அர்த்தமில்லை

1950, 60களின் டேனிஷ் பார் கேபினட் (மதுபாட்டில், கிளாஸ் வைக்கும் அலமாரி) என்றால் முழுத் தேக்காகத்தான் இருக்கும், வெனீர் (பலகை மேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடு) தெரிந்தால் அது போலி என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியில்லை. அந்தக் காலத்து அசல் கேபினட்களில் பெரும்பாலானவற்றில் கதவும் பக்கப் பலகையும் பிளைவுட் அல்லது சிப்போர்டு (மரச்சில்லுகளை அழுத்திச் செய்த பலகை) மேல் தேக்கு வெனீர் ஒட்டியவைதான். கால், கைப்பிடி, விளிம்புப் பட்டை போன்றவைதான் பொதுவாக முழு மரம். அகலமான முழுப் பலகை ஈரத்துக்கும் வறட்சிக்கும் விரிந்து சுருங்கும். வெனீர் பலகை அவ்வளவாக அசையாது.

நீங்களே பார்க்கலாம். கதவைத் திறந்து அதன் விளிம்பில் டார்ச் அடியுங்கள். முழு மரமென்றால் முகப்பிலுள்ள மர ரேகை விளிம்பிலும் தொடரும். வெனீர் என்றால் ரேகை அங்கேயே அறுந்து, தனியாக ஒட்டிய பட்டை தெரியும். இரண்டு கதவுகளிலும் ஒரே ரேகை கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராக இருந்தால் அநேகமாக அதுவும் வெனீர்தான்.

முழுத் தேக்கு என்று நம்பி, கிளாஸ் வைத்த வெள்ளை வளையத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள். அந்த வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அடிப்பலகை வெளியே வந்துவிட்டால் அப்புறம் சரிசெய்வது பெரும்பாடு.