சாம்பார் வாளியில் ஏழாம் வகுப்பு

(ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளி. மழைக்காலம். சத்துணவுக் கூட வாசலில் சமையல் பேச்சியக்கா. எதிரே அறிவியல் டீச்சர், முந்தானையால் ஒரு எவர்சில்வர் வாளியை மறைத்தபடி. பத்து லிட்டர் வாளியை ஒரு முந்தானை எவ்வளவுதான் மறைக்கும்?)

பேச்சியக்கா: டீச்சர், பத்து நாளாக என் சாம்பார் வாளியைக் காணோம். குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர்: அது வந்து அக்கா... பாடத்துக்கு எடுத்தேன். ஏழாம் வகுப்புக்கு இருவாழ்விகள் நடத்துகிறேன்.

பேச்சியக்கா: (எட்டிப் பார்த்து) என்ன இது, அயிரைக் குஞ்சா? முட்டை போடுவது போதாதென்று இனி மீன் குழம்பும் வைக்கணுமா?

டீச்சர்: மீன் இல்லை. தலைப்பிரட்டை. தவளைக் குஞ்சு.

பேச்சியக்கா: ஐயோ! சாம்பார் ஊற்றுகிற வாளியிலா?

டீச்சர்: குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும், இதுகள் தாங்காது. அதனால் நல்ல கம்மாய்த் தண்ணீராகப் பார்த்து ஊற்றியிருக்கிறேன்.

பேச்சியக்கா: கம்மாய்த் தண்ணீர் வேறயா! இருங்கள், சோப்புத்தூளை எடுத்து வருகிறேன்.

டீச்சர்: சோப்பு ஆகவே ஆகாது! தவளை தோலாலும் மூச்சு விடும். தண்ணீரைக்கூட வாயால் குடிக்காது, தோல்தான் உறிஞ்சும். கையில் சோப்பு இருந்தால் பிள்ளைகளைத் தொடவே விடமாட்டேன்.

பேச்சியக்கா: நம்ம பிள்ளைகள் கையில் சோப்பா? அந்தக் கவலையே வேண்டாம். சரி, இருவாழ்வி என்றால் என்ன?

டீச்சர்: நீரிலும் நிலத்திலும் வாழ்வது.

பேச்சியக்கா: அப்படியானால் எங்கள் எருமையும் இருவாழ்விதான். கம்மாயில் இறங்கினால் பொழுது சாயும்வரை ஏறாது.

டீச்சர்: (பெருமூச்சுடன்) கடைசி பெஞ்சும் இதையேதான் கேட்டது. நான் ஆரம்பித்ததே தப்பு. தண்ணீரில் கிடப்பது பெரிதில்லை அக்கா. குஞ்சாக இருக்கும்போது செவுளால் மூச்சு விடுகிறது, வளர்ந்ததும் நுரையீரல் வந்துவிடுகிறது. எருமைக்கன்றுக்குச் செவுள் உண்டா? அப்புறம், தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. ஈரம் இல்லாவிட்டால் காய்ந்துவிடும்.

பேச்சியக்கா: ஓடே இல்லாத முட்டையா? தினமும் நூற்றுப் பத்து முட்டை உரிக்கிறேன் டீச்சர், நகம் எல்லாம் போச்சு. இந்த வித்தையைக் கோழிக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

(டீச்சர் கையை நனைத்துக்கொண்டு ஒன்றை அள்ளிக் காட்டுகிறார். கடுகளவு கண். நூல் மாதிரி இரண்டு பின்னங்கால். வால் இன்னும் முழுசாக. வயிற்றுத் தோல் வழியே குடல் கொசுவர்த்திச் சுருள் போலத் தெரிகிறது.)

டீச்சர்: பாருங்கள், இப்போது பாசி தின்கிறது, அதனால் நீளக் குடல். தவளையானதும் பூச்சிதான் சாப்பாடு, குடலும் சுருங்கிவிடும்.

பேச்சியக்கா: பரவாயில்லையே. வால் என்றைக்கு விழும்? எனக்கு வாளி வேண்டும்.

டீச்சர்: விழாது அக்கா, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே கரையும். அந்தச் சமயத்தில் வாய் உருமாறுவதால் தின்ன முடியாது. கரைகிற வாலின் சத்தில்தான் உயிரை ஓட்டும்.

பேச்சியக்கா: சம்பளம் தள்ளிப்போகிற மாதம் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என்ன, எங்களுக்கு வால் இல்லை.

டீச்சர்: தவளை எப்படி விழுங்கும் தெரியுமா? கண்ணை மூடி, கண்விழியை உள்ளே இழுத்து இரையைத் தொண்டைக்குள் தள்ளும்.

பேச்சியக்கா: நான் கீரை போடுகிற அன்றைக்கு மூன்றாம் வகுப்பை வந்து பாருங்கள். எல்லாம் அப்படித்தான் கண்ணை மூடி விழுங்குதுகள்.

டீச்சர்: நம்ம மலைப் பக்கமே ஒரு விசேஷத் தவளை உண்டு. 2017-ல்தான் புது இனம் என்று அறிவித்தார்கள். பூபதி என்ற ஆய்வாளர் நினைவாக அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பேச்சியக்கா: பூபதியா? என் கொழுந்தன் பெயர் அது.

டீச்சர்: உப்பின உடம்பு, பன்றி மூக்கு. வருஷம் பூராவும் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். மழை பெய்தால் சில நாள் மட்டும் இணை சேர வெளியே வரும்.

பேச்சியக்கா: அவனேதான்! என்ன, அவன் மழைக்கு வரமாட்டான். பொங்கல் பரிசு போட்டால் வருவான்.

டீச்சர்: (வாளிக்குள் விரலால் எண்ணி) ...பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. அக்கா, நேற்று இருபத்து மூன்று இருந்தது.

பேச்சியக்கா: என்னைப் பார்க்காதீர்கள், நான் எடுக்கவில்லை!

டீச்சர்: இரண்டுக்கு முன்னங்காலும் வந்திருந்தது. ஏறி உட்காரக் கல் வைக்கணும் என்று பாடத்தில் நானேதான் சொன்னேன், நானே மறந்துவிட்டேன்.

பேச்சியக்கா: (குரலைத் தணித்து) காலையில் முருங்கைக்கீரை ஆய்ந்தபோது தரையில் சின்னதாக ஒன்று குதித்தது. வெட்டுக்கிளி என்று நினைத்துத் துடைப்பத்தால் தள்ளி விட்டேன்.

டீச்சர்: எந்தப் பக்கம்?

(எச்.எம். அறையில் நாற்காலி சாய்கிற சத்தம். பின்னாலேயே ஓர் அலறல்.)

பேச்சியக்கா: ஒன்று கிடைத்துவிட்டது டீச்சர். இன்னொன்றை நீங்களே தேடிக்கொள்ளுங்கள், மணி பன்னிரண்டரை. வாளியைக் கொடுங்கள்.