ஆச்சியின் பாம்படமும் எஃப் 1.4 லென்ஸும்

போன முறை ஊருக்குப் போன முதல் நாளே புது லென்ஸை மாட்டி, ஆச்சியைத் திண்ணையில் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். சிக்மா 56 எம்எம் எஃப் 1.4. (எஃப் எண் என்பது லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பது; எண் சிறிதானால் திறப்பு பெரிது, வெளிச்சமும் அதிகம், பின்னணி மங்கலும் அதிகம்.) கேமரா சோனி ஏ6400. காசு கொடுத்து 1.4 வாங்கிவிட்டு 1.4-இல் எடுக்காமல் இருக்கக் கை கேட்குமா? ஒன்றரை மீட்டரில் நின்று முகத்தை மட்டும் அடைத்து ஏழெட்டுப் படம். பின்னால் நின்ற வேப்பமரம் பச்சைக் குமிழ்களாகக் கரைந்து போயிருந்தது. குடும்ப குரூப்பில் போட்டதும் "வேற லெவல்" என்று வந்து விழுந்தது. ஆச்சி மட்டும் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "ஏல, என் காத எங்க? பாம்படத்தக் காணும்?"

உண்மைதான். ஒரு கண்ணின் இமைமுடியை எண்ணலாம். அடுத்த கண் லேசாக மங்கல். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாம்படத்தின் கனத்தில் இழுபட்டுத் தோளைத் தொடப்போகிற அந்தக் காது வெறும் மஞ்சள் கறையாக இருந்தது. ஊரில் இன்னும் பாம்படம் போட்டிருக்கிறவள் அவள் ஒருத்திதான். அதைத்தான் நான் 'பிளர்' பண்ணியிருந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கேமராவில் இருக்கிற ஏபிஎஸ்-சி என்கிற சின்ன சென்சாரில் 56 எம்எம் லென்ஸை 1.4-இல் திறந்து ஒன்றரை மீட்டரில் ஃபோக்கஸ் செய்தால், தெளிவாக விழுகிற ஆழம் மொத்தமே 4 சென்டிமீட்டர் அளவுதான். கண்ணிலிருந்து காதுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தூரம். கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஐ ஆட்டோ ஃபோக்கஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தப்பு என் மேல்.

அப்போ எஃப் 1.4 வீணா? இல்லை. அதை எதற்கு வாங்குகிறோம் என்பதில்தான் நம் ஆட்கள் குழம்பிக் கிடக்கிறோம். பொக்கேவுக்காக, அதாவது பின்னணி கரைகிற அழகுக்காக, வாங்குகிறோம்; வாங்கவேண்டியது வெளிச்சத்துக்காக.

அன்று ராத்திரி கரண்ட் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஹாலில் ஒற்றை டியூப்லைட். ஆச்சி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளிச் சுவரில் சாய்ந்து 1.4-இல் எடுத்தேன். ஷட்டர் 1/100 நொடி. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும், அதைவிட வேகமாகப் போனால் படத்தில் பட்டை விழ ஆரம்பிக்கும். ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் வெளிச்ச உணர்திறன், 800. இதே படத்தைக் கேமராவோடு வந்த 16-50 கிட் லென்ஸில் எடுத்திருந்தால் 50 எம்எம் பக்கம் அது எஃப் 5.6 தான் திறக்கும். நாலு ஸ்டாப் குறைவு; ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும், அதாவது மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 12800 வரைக்கும் ஏற்றியிருக்க வேண்டும். ஆச்சி முகத்துச் சுருக்கம் எல்லாம் மணல் கொட்டினதுபோல் ஆகியிருக்கும். இன்னொன்று: பத்தடி தள்ளி நின்றதால் அதே 1.4-இல் ஆழம் 16 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. முகம், காது, பாம்படம் எல்லாம் உள்ளே.

இதனால்தான் "ஓஎஸ்எஸ் (லென்ஸுக்குள் இருக்கிற ஸ்டெபிலைசேஷன், நடுக்கம் தடுப்பது) இருக்கிற சோனி 50 எம்எம் எஃப் 1.8 போதுமே" என்கிறவர்களிடம் நான் பாதிதான் ஒத்துப்போகிறேன். நல்ல லென்ஸ், 202 கிராம்தான். ஏ6400-இன் பாடியில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, அதனால் கையில் பிடித்து வீடியோ எடுக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கலாம். ஆனால் ஓஎஸ்எஸ் நம் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும். வெற்றிலை இடிக்கிற கையை நிறுத்தாது. ஆள் அசையும்போது ஷட்டரைக் குறைக்க வழியில்லை, வெளிச்சம்தான் வேண்டும். 1.8-ஐவிட 1.4 ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் அதிகமாகவே வாங்கும்.

85 எம்எம்? "போர்ட்ரெய்ட்னா 85தான்" என்று யூடியூபில் சொல்கிறவர் கையில் இருப்பது ஃபுல்ஃப்ரேம், நீள அகலத்தில் நம்முடையதைவிட ஒன்றரை மடங்கு பெரிய சென்சார். நம் கேமராவில் அது 127 மாதிரி நடந்துகொள்ளும். சோனி எஃப்இ 85 எஃப் 1.8-ஐ ஒருமுறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அக்கா மகள் வளைகாப்புக்குப் போனேன். உட்கார்ந்திருக்கிறவளை முழுசாக எடுக்க 56-க்குப் பத்தடி போதும், 85-க்குப் பதினைந்தடி. பின்னால் போய்ப் போய் வாசல்படி தாண்டி, செருப்புக் குவியல் நடுவில் நின்றுகொண்டு, "கொஞ்சம் நவுருங்க, கொஞ்சம் நவுருங்க" என்று அரைநாள் கத்தினேன். அத்தை ஒருத்தி, "இவன் என்ன தெருவுல நிக்கான், உள்ள வரச் சொல்லுங்க" என்றாள்.

கிட்டே நின்று எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிவதற்கும் லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அது நாம் நிற்கிற தூரத்தின் வேலை. 56-இன் நன்மையே, முகம் எடுக்கும்போதும் நம்மை ஐந்தாறு அடி தள்ளி நிறுத்திவிடுவது. அந்தத் தூரத்தில் பேச்சுக் கொடுக்கவும் முடியும்.

எஃப் 1.2 ஆசை எனக்கும் வந்தது. வில்ட்ராக்ஸ் 75 எம்எம் எஃப் 1.2 படங்களைப் பார்த்தால் யாருக்கும் வரும். எடை 670 கிராம். என் பாடி 403 கிராம். மாட்டிப் பார்த்தால் லென்ஸுக்குக் கேமரா மூடி போட்டதுபோல் இருக்கிறது. 1.4-க்கும் 1.2-க்கும் நடுவில் அரை ஸ்டாப்கூட முழுசாக இல்லை. அதற்காக இவ்வளவு கண்ணாடியைச் சுமக்கணுமா? சின்னக் கேமராவை எதற்கு வாங்கினோம் என்பதே மறந்துபோகிறது. நண்பன் ஒருவன் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கட்சி, நம்முடையதைவிடவும் சின்ன சென்சார். 2011-இல் வந்த ஒலிம்பஸ் 45 எம்எம் எஃப் 1.8 வைத்திருக்கிறான், 116 கிராம், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு வருகிறான். பொறாமையாக இருக்கும். என் சிக்மா 280 கிராம், சட்டைப் பைக்கு ஆகாது, ஜோல்னாப் பைக்கு ஆகும். அந்த அளவில் நிறுத்திக்கொண்டேன்.

(ஃபுல்ஃப்ரேம்காரர்கள் "உன் 1.4 எங்க ஊர்ல 2.1" என்று கமென்டில் வரவேண்டாம். பிளருக்கு அந்தக் கணக்கு சரி. வெளிச்சத்துக்கு 1.4 எங்கேயும் 1.4 தான்.)

மறுநாள் காலை ஆறரைக்கு மறுபடி திண்ணை. இந்த முறை இரண்டு மீட்டர் தள்ளி, எஃப் 4. வேப்பமரம் மரமாகவே தெரிந்தது, பரவாயில்லை. முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். பாம்படத்தின் ஒவ்வொரு உருண்டையும் தட்டையும் தனித்தனியாக விழுந்தது. காதின் துளை இழுபட்டு நூலாக மெலிந்திருக்கிற இடத்தில் வெயில் பட்டுச் சிவப்பாக ஒளிர்ந்தது. பிரிண்ட் போட்டுச் சட்டமும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, காதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கப் போனேன்.

"அங்க வேண்டாம்ல. அங்க மாட்டுனா பொட்டு வச்சிருவாளுவ. டிவிக்கு மேல மாட்டு."